ஐயாயிரம் அடியில் இரண்டு வண்டிகள்

1

எனக்கு வேலை போய் ஒன்பது வாரம் ஆகிறது. போனதில் எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வயது மகள் ரெஜினாவுக்கு நான் எப்போதுமே கோபக்காரன். "டாட், நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்று இங்கிலீஷில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், பேசவே வராது. அதுவும் என் கோபக் கணக்கில் உண்டு.

நான் இருப்பது டென்வர் நகரம். ராக்கி மலைகளுக்குக் காலடியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் அடி உயரம். நான் பிறந்த ஏற்காடும் ஏறக்குறைய அதே உயரம்தான். வந்த புதிதில் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவருக்கும் அதில் அக்கறை இல்லை. எங்கள் மலையின் ஈரமும் மிளகுக் கொடி வாசமும் இங்கே இல்லை. காய்ந்த காற்றில் உதடு வெடிக்கும். ஆனால் மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு ஒன்றுதான்.

ஸ்டெல்லா நர்ஸ். ஆஸ்பத்திரி அவளை அழைத்தது, அவள் பின்னால் நான் வந்தேன். சேலத்து ஐ.டி.ஐ.யில் வாங்கிய மோட்டார் மெக்கானிக் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்.

"இது இங்கிலீஷ்லதான் இருக்குங்கம்மா" என்றேன்.

"தெரிகிறது. ஆனால் இது வெளிநாட்டுச் சான்றிதழ். வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்."

இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடி ஒரு மாதம் அலைந்தேன். பெயரிலும் தகராறு. என் பெயர் லூர்துசாமி, அப்பா பெயர் மரியதாஸ். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவை எழுதினேன், அது அகலம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டது. இன்றுவரை மின்சார ரசீது 'செல்வி மரியா' என்று வருகிறது. கடைசியில் நகரத்தின் தெற்கு ஓரத்தில், கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முதலாளி ரிச் என்னை 'லூ' என்று கூப்பிட்டார். ஏழு வருடம் லூவாக இருந்தேன்.

2

வசந்தத்தில் ஒரு நாள் டான் என்பவர் தன் காரைக் கொண்டுவந்தார். தபால் இலாகாவில் வேலை. கலிபோர்னியாக் கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கார் பழைய இரண்டு கதவு வண்டி, எட்டு சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு போல்ட்டையும் அவரே முடுக்கிக் கட்டியது. சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓட்டுவார். இரண்டு வண்டிகள் நின்ற இடத்திலிருந்து கிளம்பி கால் மைல் ஓட வேண்டும், யார் முதலில் போகிறார் என்பதே பந்தயம்.

"கடலோரத்துல பாய்ஞ்சு போன வண்டி, இங்க பச்சை விளக்கு விழுந்ததும் யோசிக்கிறது. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கத்து வண்டி போயிருது" என்றார். கன்வர்ட்டரை மாற்ற வேண்டும், எது போடலாம் என்று கேட்டார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கார்களில் கிளட்ச் பெடல் கிடையாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் குடுவை இருக்கும். அதுதான் டார்க் கன்வர்ட்டர். உள்ளே ஆயில், எதிரெதிராக இரண்டு விசிறிகள். எஞ்சின் ஒன்றைச் சுற்றும், அது தள்ளுகிற ஆயில் மற்றதைச் சுற்றும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சின் ஒரு வேகம் வரை ஏறி அங்கே நின்றுவிடும். அந்த எல்லைக்கு ஸ்டால் என்று பெயர். எல்லை தாழ்ந்தால் கன்வர்ட்டர் இறுக்கம், உயர்ந்தால் தளர்வு.

பந்தய எஞ்சினுக்குக் கீழ் வேகத்தில் உயிர் இருக்காது, மேலே போனால்தான் அது முழிக்கும். மலை உயரத்தில் காற்று மெலிது, எஞ்சினுக்கு மூச்சு போதாது. கடலோரத்தில் நன்றாக ஏறிய அதே கன்வர்ட்டரில் இங்கே எஞ்சின் வேகம் பாதி வழியிலேயே நின்றுவிடும், அதாவது தூக்கத்திலேயே. அதனால் மலைக்கு வருகிறவன் இன்னும் தளர்வான கன்வர்ட்டர் போட வேண்டும். தளர்த்தினால் ஆயில் சூடாகும், அதற்குத் தனியாக ஒரு கூலர் வைத்தால் தீர்ந்தது. வண்டி எடை என்ன, பின் ஆக்ஸிலில் பல் என்ன, எஞ்சின் எந்த வேகத்தில் முழிக்கிறது, எந்த உயரத்தில் ஓட்டப் போகிறாய்? இந்த நான்கையும் கேட்காமல் கன்வர்ட்டர் எடுக்கக் கூடாது.

ரிச் முதல் மூன்றைக் கேட்டார். நான்காவதைக் கேட்கவில்லை. கேட்டலாகைப் புரட்டிவிட்டு அலமாரியில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கன்வர்ட்டரைக் காட்டினார். டான் வண்டியில் இருந்ததைவிட இறுக்கமானது. "இங்க எஞ்சினுக்குப் பலம் குறைச்சல். இருக்கிற பலத்தை வழுக்க விட்டு வீணாக்கக் கூடாது" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பல தப்புகள் அப்படித்தான்.

நான் ஸ்பேனரை வைத்துவிட்டு முன்னால் போனேன். "நோ நோ. திஸ் கார் மஸ்ட் ஸ்டால் மோர்" என்றேன்.

டான் முகம் வெளுத்துவிட்டது. வண்டி பந்தயத்தில் அடிக்கடி ஆஃப் ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமும் உண்டு. நான் திருத்துவதற்குள் ரிச் சிரித்துவிட்டார்.

"லூவைத் தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க ஊர்ல மாட்டுக்கு ஒரு கன்வர்ட்டர், எருமைக்கு ஒரு கன்வர்ட்டர்."

டானும் மரியாதைக்குச் சிரித்தார். "நான் ஐயாயிரம் அடியில் பிறந்தவன். மலை ரோட்டு வண்டிகளைப் பார்த்துத்தான் தொழில் படித்தேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். இங்கிலீஷ் வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்று யோசிப்பதற்குள் பேச்சு பந்தயத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த இறுக்கமான கன்வர்ட்டரை நானே என் கையால் மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டை முடுக்கும்போதும் பல்லைக் கடித்தேன்.

3

கோபத்தில் ஆளுக்கு ஞாபகம் கூடிவிடுகிறது. எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் தலைச்சோலைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் பட்டறை மெக்கானிக். என் அக்கா ரோசலியின் வீட்டுக்காரர் பிலவேந்திரன் அதே எஸ்டேட்டில் லாரி டிரைவர். அவர்களுக்கு எஸ்டேட்டே தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு லைன் வீடு கொடுத்திருந்தது. எனக்குச் சாப்பாடு அங்கேதான்.

பழைய லாரி ஓய்ந்துபோனதும் மேனேஜர் வேறொன்று வாங்கிவந்தார். எங்கோ கடலோரத்தில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. புதுப் பெயின்ட் பளபளத்தது. மச்சான் அதை அடிவாரத்திலிருந்து ஒருமுறை மேலே ஓட்டிவந்து நிறுத்திவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"மாப்ள, இது தரை வண்டி. பின்னால கிரவுன் பல்லு ஓட்டத்துக்குப் போட்டது, ஏத்தத்துக்கு இல்ல. முதல் கியர்லயே எகிறுது. கொண்டை ஊசியில கிளட்ச்ச அரை மிதியில வெச்சாத்தான் நவுருது. மேல வர வர எஞ்சினுக்கும் மூச்சு இல்ல, கரும்பொகையாக் கக்குது."

நான் கீழே படுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. பின் ஆக்ஸிலில் இருக்கும் அந்தப் பல்சக்கரத்தை, கிரவுனை, மாற்றிவிட்டால் போதும், சேலத்தில் கிடைக்கும். இரண்டு பேரும் மேனேஜர் பங்களாவுக்குப் போனோம். அவரைத் துரை என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஏனுங்க துரை, இந்த வண்டி நம்ம மலைக்கு ஆகாதுங்க. பல்லு மாத்தோணுமுங்க" என்றார் மச்சான்.

"ஓட்டத் தெரியாதவனுக்கு எந்த வண்டியும் ஆகாது" என்றார் துரை. என்னைப் பார்க்கவே இல்லை.

மச்சான் மொத்தம் மூன்று முறை போய்ச் சொன்னார். மூன்றாவது முறை வாசலிலேயே ரைட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கணக்கும் கடுதாசியும் பார்ப்பவர், துரையின் வாய் மாதிரி. "நொம்பப் பேசாத பிலவேந்திரா. ஓட்ட இஷ்டமில்லீன்னா சொல்லு, ஆள் இருக்குது" என்றாராம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம், சேலத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மச்சான் பதினேழாவது கொண்டை ஊசியில் நின்றுபோனார். கிளட்ச் முழுதாக எரிந்துவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி பின்னால் போகிறது. அந்தப் பாரத்தைப் பிரேக் தாங்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. மச்சான் ஸ்டியரிங்கை ஒடித்துப் பாறையில் விட்டார். டிரைவர் பக்கக் கதவு உள்ளே மடங்கியது.

சேலத்து ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

4

இதை எழுத எனக்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

லாரியை இழுத்துவந்து பட்டறையில் போட்டார்கள். நான் கிளட்ச்சைக் கழற்றினேன். பிளேட் கரிக்கட்டை. அடுத்த நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை உட்கார்ந்திருந்தார். ரைட்டர் தான் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் படித்துக் காட்டினார். டிரைவர் எப்போதும் கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் உள்ளவர், அதனால் பிளேட் எரிந்தது, விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். கீழே மெக்கானிக் கையெழுத்து.

"ஏனுங்க துரை, பல்லு மாத்தோணும்னு மச்சான் மூணு தடவ சொன்னாருங்களே. அதையும் எழுதலாமுங்களா?"

"கிளட்ச் எரிஞ்சிருந்துச்சா இல்லியா?"

"எரிஞ்சிருந்துச்சுங்க."

"அவன் காலு கிளட்ச் மேல இருந்துச்சா இல்லியா?"

"அரை மிதியில வெச்சாத்தானுங்க ஏறும்..."

"இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சுங்க."

"அவ்வளவுதான். உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லல."

ரைட்டர் பேனாவை நீட்டினார். "போடு கண்ணு. அடுத்த மாசம் உன்ற வேலை நிரந்தரம் ஆகுது. உன்னையும் சேர்த்து வெளிய போட்டா உங்கக்காளுக்கு யாரு சோறு போடுவா?"

நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை.

கவனக்குறைவு என்று காகிதம் சொன்னதால் மச்சானுக்கு எஸ்டேட் ஒன்றும் கொடுக்கவில்லை. வேலையில் இல்லாதவருக்கு லைன் வீடு கிடையாது என்று ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அக்கா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

"ஊடு தெரியாதவன் செஞ்சிருந்தா மண்ண வாரித் தூத்தியிருப்பேன். நீ என்ற கையில சோறு தின்னவன். உன்னைய என்னன்னு சொல்லித் தூத்தறது? போயிரு சாமி."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவர்கள் மலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் குடியேறினார்கள். மச்சான் அங்கே பஞ்சர் ஒட்டும் கடை வைத்தார். என் கல்யாணத்துக்கு இருவரும் வரவில்லை. நான் விமானம் ஏறிய அன்று சேலம் போகும் பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போனது. நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்னை இன்றைக்கும் எரிக்கிற ஒரு விஷயம் உண்டு. நிரந்தரமான என் வேலைக்கு அந்தத் துரை பின்னால் ஒரு அனுபவச் சான்றிதழ் கொடுத்தார். 'நேர்மையானவர்' என்று அதில் எழுதியிருந்தது. அதைத்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டு டென்வருக்குக் கொண்டுவந்தேன். ரிச் அதை அரை நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த அரை நொடிக்காகவா?

5

டான் மூன்றாவது வாரமே திரும்பி வந்தார். வண்டி முன்பைவிட மோசம். பச்சை விளக்கு விழுந்தால் முக்குகிறது, முனகுகிறது, பிறகுதான் நகர்கிறது. பக்கத்து வண்டியை ஓட்டியது ஒரு கிழவியாம், அவரும் ஜெயித்துவிட்டாராம்.

ரிச் என்னை எஞ்சினைச் சோதிக்கச் சொன்னார். எட்டு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தேன். எட்டும் ஒன்றுக்கொன்று சமம், புது எஞ்சின் மாதிரி. தாளில் எழுதிக் கொடுத்தேன். ரிச் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னை உள் அறைக்கு அழைத்தார்.

"லூ, டெக்னீஷியன் அறிக்கையில எஞ்சின் தேய்ஞ்சு போச்சுன்னு எழுது. இரண்டு சிலிண்டர்ல அழுத்தம் குறைவுன்னு போடு. எஞ்சினை இறக்கிப் புதுசா கட்டலாம்னு நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன்."

"எஞ்சின் நல்லா இருக்கே."

"கன்வர்ட்டர் நாம கொடுத்தது. அது தப்புன்னு எழுதினா நாமதான் பதில் சொல்லணும். அவருக்கு எஞ்சின்ல ஆசை, எப்படியும் பிரிச்சு மாட்டுவார். உனக்கு என்ன போச்சு?"

படிவத்தை என் பக்கம் தள்ளினார். அறை சிறியது, வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. படிவத்தைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். பயமா ஆத்திரமா என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

"ஐ வில் நாட் ரைட் திஸ்" என்றேன். ஏழு வருடத்தில் நான் தப்பில்லாமல் பேசிய ஒரே இங்கிலீஷ் வாக்கியம் அது.

"அப்ப எதுக்கு இங்க இருக்க?"

நான் எழுந்து நேராக முன்பக்கம் போனேன். டான் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். "உங்க எஞ்சின் நல்லா இருக்கு. எட்டு சிலிண்டரும் நல்லா இருக்கு. கன்வர்ட்டர்தான் தப்பு. கடலோரத்துல ஓடுற எஞ்சினுக்குக்கூட இது இறுக்கம், மலைக்கு ஆகவே ஆகாது. மாட்டினது நான்தான். மாட்டியிருக்கக் கூடாது" என்று எனக்கு வந்த இங்கிலீஷில், நடுவில் பாதித் தமிழில், சத்தமாகச் சொன்னேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அந்த மனிதர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பின்னால் ரிச் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது என் பெயரே இல்லை.

என் டூல் பெட்டியை எடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் கொடுத்தார்கள்.

6

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். ரெஜினாதான் கேட்டாள்.

"ஒரு ஃபார்ம்தானே டாட்? கையெழுத்துப் போட்டிருந்தா என்ன?"

மேசையை ஓங்கித் தட்டினேன். ரசம் சிந்தியது. அவள் அழுதுகொண்டே எழப் போனாள். "உட்காரு கண்ணு" என்று ஸ்டெல்லா பிடித்து உட்காரவைத்தாள். "நீங்க அவகிட்டச் சொல்லுங்க. இல்லீன்னா இந்தக் கோவத்துக்கு என்ன காரணம்னு அவளுக்கு எப்பத்தான் தெரியும்?" என்றாள் என்னிடம்.

சொன்னேன். மச்சான், லாரி, காகிதம், அக்கா எல்லாம். எனக்குத் தமிழில்தான் வந்தது, ஸ்டெல்லா இடையிடையே இங்கிலீஷில் சொன்னாள். எனக்கொரு அக்கா இருப்பதே ரெஜினாவுக்கு அன்றுதான் தெரியும். மகள் மனம் இளகி என் கையைப் பிடிப்பாள் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. அவள் பிடிக்கவில்லை.

"அவங்ககிட்ட சாரி சொன்னீங்களா?"

"இல்ல."

"ஒரு லெட்டர்?"

"இல்ல."

"இத்தனை வருஷமா நீங்க எங்க எல்லார் மேலயும் கோவப்பட்டுக்கிட்டிருந்தீங்க" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பினால் வாசலில் டான் நிற்கிறார். எப்படியோ விலாசம் கண்டுபிடித்திருக்கிறார். "நீ சொல்ற கன்வர்ட்டர் எதுன்னு எழுதிக் கொடு" என்றார். நான்கு கேள்விகளையும் உட்கார்ந்து கேட்டேன். கடலோரத்தில் அவர் வைத்திருந்ததைவிட ஒரு படி தளர்வானதாக எழுதிக் கொடுத்தேன், கூடவே ஒரு கூலரும். அது வந்து சேர்ந்த வாரம் அவர் வீட்டுக் கொட்டகையில் இருவரும் சேர்ந்து மாட்டினோம். ரெஜினா சும்மா பார்க்க வந்து, கேட்காமலே டார்ச் லைட்டைப் பிடித்தாள். அவளிடம் ஸ்டால் என்றால் என்ன என்று இங்கிலீஷில் விளக்கினேன். அவள் அதை டானுக்கு எனக்குப் புரியாத வேகத்தில் விளக்கினாள். "ஓ!" என்றார் டான். இத்தனை வாரமாக நான் சொன்னது அப்போதுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை பந்தயத் தளத்துக்கு எங்களையும் கூட்டிப்போனார். பச்சை விளக்கு விழுந்தது. கார் யோசிக்கவே இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து போனது. ரெஜினா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அதனால் என் வேலை திரும்பி வந்துவிடவில்லை. ரிச் பட்டறையில் வேறொருவர் இருக்கிறார். அவர் என்ன எழுதித் தருகிறாரோ எனக்குத் தெரியாது.

7

மறுநாள் மச்சானுக்குக் கடிதம் எழுதினேன். ஆறு காகிதம் கிழித்து ஏழாவதில் எழுதினேன். நான் கையெழுத்துப் போட்டது தப்பு, துரைக்கும் பயந்தேன், வேலைக்கும் ஆசைப்பட்டேன், மன்னிக்க வேண்டும் என்று.

பதில் போன வாரம் வந்தது. மச்சான் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள், அதனால் அவர் பேச்சு அப்படியே இருக்கிறது.

"மாப்ளைக்கு. லெட்டர் கெடச்சுது. உங்கக்கா படிச்சுப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா. லெட்டரக் கிழிக்கல, அது வரைக்கும் சரி. எனக்கு எதுக்குப்பா எழுதுன? என்ற காலு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? இந்தக் கடைக்கு வர்றவன் எல்லாம், கிளட்ச் மிதிச்சே லாரியக் கவுத்தவன்னுதான் இன்னமும் பேசறான். என்ற மகனுக்கு டிரைவர் வேலை கேட்டுப் போனா, அப்பன் மாதிரியான்னு கேக்கறானுங்க. தெரிஞ்சவனுக்கு எழுதாத. தெரியாதவங்களுக்கு எழுது."

மன்னித்தேன் என்று அதில் எங்கேயும் இல்லை. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மன்னிப்புக் கேட்டவனிடம் மேலும் வேலை சொல்கிறாரே என்று. இரண்டு நாள் அந்தக் கோபத்தோடு நடந்தேன். பிறகு நடந்ததை எழுதி எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு பிரதி, ஊரில் எங்கள் பங்குச் சாமியாருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். எஸ்டேட் கைமாறிவிட்டது என்கிறார்கள், அங்கே அதைப் படிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. அதனால்தான் சேலம் ஜில்லாவில் நாலு பேர் படிக்கிற இந்தப் பத்திரிகைக்கும் எழுதுகிறேன். வெளிநாட்டில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் எழுதுவேன் என ஆசிரியர் எதிர்பார்த்திருப்பார். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த லாரியின் பின் ஆக்ஸில் பல் மலைக்கு ஏற்றதல்ல. அதை டிரைவர் பிலவேந்திரன் மூன்று முறை நிர்வாகத்திடம் சொன்னார். இரண்டு முறை நானும் கூட நின்றேன். வண்டியைக் கீழே படுத்துப் பார்த்து, அவர் சொல்வது சரி என்று கண்டவன் நான். கிளட்ச் அரை மிதியில் இருந்தது அவர் பழக்கத்தால் அல்ல, வேறு வழியில் அந்த வண்டி ஏறாது. இதெல்லாம் தெரிந்தே அவருக்கு எதிராகக் கையெழுத்திட்டேன்.

மேலே மூன்றாவது பகுதியை இப்போது படித்துப் பார்த்தால், இன்றைக்கும் ஒன்றை விட்டுவிட்டிருக்கிறேன். இத்தனை வருடம் சொல்லாமலே இருந்து கை அப்படிப் பழகிவிட்டது. பாரத்தோடு ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. ஏற்றச் சொன்னது துரை. அதனால் அந்தக் காகிதத்தில் அது வரவில்லை, ஏறியிருந்தவர்களை யாரும் விசாரிக்கவும் இல்லை. உர மூட்டைகளுக்கு மேலே களையெடுக்கும் பெண்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பின்னால் போக ஆரம்பித்தபோது மச்சான் தன் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்திருக்கலாம். அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. பாறையில் தன் பக்கத்தைக் கொடுத்தார். அந்த ஐந்து பேரும் அன்று சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.